மூன்று மணித் துணி

ஜூன் 9, திங்கள்

மாடி அறைக்குக் கடைசிப் பெட்டியும் இன்று வந்து சேர்ந்தது. ஐந்து ஸ்பீக்கர்கள் போன வாரமே வந்துவிட்டன. இது சப்வூஃபர். இடி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டி. வண்டிக்காரரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பாதிப் படியில் இவர், "இதுக்குள்ள என்ன கண்ணு, ஆட்டுக்கல்லா?" என்றார். மைதிலி கீழேயிருந்து, "ஆட்டுக்கல்லுன்னா கீழ போட்டாலும் பரவாயில்லீங்கப்பா, இதப் போட்டுறாதீங்க" என்று கத்தினாள்.

மகள் சென்னையில் பல ஸ்டுடியோக்களில் சினிமா ஒலிக்கலவை வேலை பார்த்தவள். இப்போது கோயமுத்தூரிலேயே, எங்கள் வீட்டு மாடியிலேயே, சொந்தமாக ஓர் அறை. சிபி என்ற பையன் எடுத்த முதல் படம்தான் அவள் தனியாகச் செய்யும் முதல் படமும். கடைசி இருபது நிமிடம், வெள்ளம் வரும் பகுதி, அதை மட்டும் முதலில் கலந்து கொடுக்க வேண்டும். ஜூலை இரண்டாம் தேதி ஒரு தியேட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் முழுப் படமும் இவளுக்கு, அறை நிலைக்கும். இல்லையென்றால் சென்னையில் ஒரு ஸ்டுடியோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகள் எங்கிருந்தாலும் நன்றாக இருந்தால் சரி.

மதியம் அரிசிம்பருப்பு சாதம். ராத்திரியும் அதையே கேட்டாள், அதையே செய்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று ஸ்பீக்கர்களுக்கு அளவு வைக்கும் வேலை. எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது: சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டரைப் படித்துச் சொல்ல வேண்டும்.

அவள் உட்காரும் நாற்காலியில், அவள் காது இருக்கும் உயரத்தில், முக்காலியில் மீட்டரை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓர் இரைச்சலைப் போட்டாள். எல்லாச் சுரமும் கலந்த, எந்தச் சுரமும் இல்லாத இரைச்சல். ஐந்தும் நாற்காலிக்கு ஒரே அளவில் வந்து சேர வேண்டும். வகுப்பில் முன் வரிசைப் பையன் பதிலும் பின் வரிசைப் பெண் பதிலும் ஒரே மாதிரி என் காதில் விழ வேண்டும் என்று நான் பாடுபட்டதைப் போலத்தான். பின் வரிசையை மட்டும் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்ல வேண்டும், முன் வரிசையை அடக்க வேண்டும். மைதிலி அதையே திருப்புளியால் செய்கிறாள்.

இரண்டாவது ஸ்பீக்கருக்கு வந்திருப்போம், இவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏம்புள்ள, மோட்டார நிறுத்தலையா? டேங்க் நெறஞ்சு கொட்டுதே!"

"டேங்க் இல்லீங்க, ஸ்பீக்கருங்க."

"ஸ்பீக்கரா? அதுல எதுக்குத் தண்ணி சத்தம்?"

மூன்றாவது ஸ்பீக்கருக்கும் வந்தார். ஐந்தாவதுக்கு வரவில்லை. அப்போது பார்த்து டேங்க் நிஜமாகவே நிறைந்து கொட்டியது.

ஜூன் 12, வியாழன்

சப்வூஃபர் எதற்கு என்று இன்று நானே கேட்டேன். அவள் படம் வரைந்தாள். நான் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொள்கிறேன்.

சுற்றுலா போகிறோம். ஐந்து சின்னப் பிள்ளைகள். ஆளுக்கொரு பை. பையில் கனமான சாமானும் உண்டு, லேசான சாமானும் உண்டு. சின்னப் பிள்ளைகளால் கனத்தைத் தூக்க முடியாது. அதனால் ஐந்து பைகளிலிருந்தும் கனத்தை மட்டும் எடுத்து, கூட வரும் ஒரு திடகாத்திரமான ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த ஆள்தான் சப்வூஃபர். இதுபோக, இடி, வெள்ளம், வெடி என்று அந்த ஆளுக்கென்றே படத்தில் தனிச் சுமையும் உண்டு. அவன் சரியான அளவில் நடந்தால் யாருக்கும் தெரியாது. சோர்ந்து பின்தங்கினால், சுமையே குறைவு போலிருக்கிறது என்று நினைத்து மைதிலி மேலும் மேலும் ஏற்றிவிடுவாள். தியேட்டரில் இருப்பவன் சோராத ஆள். அங்கே அத்தனை சுமையும் சேர்ந்து இடிக்கும்.

"அதனாலதாம்மா இவன் அளவு மாறவே கூடாது" என்றாள். பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அதைத் திருகினால்தான் அளவு கூடும், குறையும்.

பிறகு ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை விடாமல் ஒலிக்க விட்டு, "நடந்து பாருங்கம்மா" என்றாள். சுவரோரம் காது அடைத்தது. அறை நடுவில் வந்ததும் அந்தச் சுரமே காணோம்! இரண்டடி நகர்ந்தால் மறுபடி வந்துவிட்டது. பணிக்காலம் முழுக்கக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒத்ததிர்வு காட்டியிருக்கிறேன். குழாய்க்குள்ளேயே போய் நின்றது இன்றுதான். போய்ப் போய் வந்தேன். மைதிலி நாற்காலியை நடுவிலிருந்து தள்ளி, சுரம் காணாமல் போகாத இடமாகப் பார்த்துப் போட்டாள்.

சப்வூஃபர் இப்போதைக்கு, பக்கத்து வீட்டுச் செல்லமுத்து அண்ணனுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டி.

ஜூன் 14, சனி

செல்லமுத்து அண்ணனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் ஆகிறது. இவருக்கு மில் காலத்துச் சிநேகிதர். பக்கத்து வீடு மட்டுமல்ல, ஒரே சுவர். அண்ணனின் கட்டில் கீழே அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. சாயங்காலம் இருவரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்கள். இன்று நடந்து வந்த பிறகு இவர் அதிகம் பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாரல். மொட்டைமாடித் துணியை இவர் எடுத்து வந்தார்! கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

ஜூன் 20, வெள்ளி

இந்த வாரம் முழுவதும் துணி இவர் பொறுப்பு. மூன்று மணிக்கு மைதிலி முனை பேக்கரிக்கு டீ குடிக்கப் போவாள். அதே நேரம் இவர் மாடி ஏறுவார். வெயில் அடித்தாலும் ஏறுகிறார். இன்று துண்டு ஈரமாகவே வந்தது.

"காயலீங்களே?"

"காத்துல காஞ்சுக்கும் புள்ள."

காற்றில் காய வைக்கத்தானே மாடியில் போட்டது என்று கேட்கவில்லை. மடித்து வேறு வைக்கிறார். மூலைகள் சேராத மடிப்பு. எனக்கு அது போதும்.

ஜூன் 27, வெள்ளி

மைதிலி இன்று வெள்ளக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். இரவில் அணை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வருகிறது. ஒரு பெண் பாலத்தில் தனியாக நின்று அழுகிறாள். தண்ணீர் முதலில் எனக்குப் பின்னால் கேட்டது, பிறகு இரண்டு பக்கமும். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். மைதிலி சிரித்தாள்.

"எப்படிம்மா?"

"ரொம்ப நல்லா இருக்குது. தண்ணிக்கு மட்டும் இன்னும் கனம் வேணுமோ?"

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. நாளுக்கு நாள் கனம் பத்தாத மாதிரியே இருக்குது. ஏத்திக்கிட்டே இருக்கறேன்."

ஏற்றினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஜூலை 2, புதன்

தியேட்டர். காலைக் காட்சிக்கு முன்னால், காலி இருக்கைகள். நான், மைதிலி, சிபி, தயாரிப்பாளர் தரப்பில் ஒருவர்.

தண்ணீர் வந்தது. நாற்காலி நடுங்கியது. பக்கச் சுவரில் எங்கோ ஒரு தகடு கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பெண் பாலத்தில் வாயைத் திறந்து அழுகிறாள். அழுகைச் சத்தம் ஒரு துளி கேட்கவில்லை. வீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்ட நான் இங்கே காதைப் பொத்திக்கொண்டேன்.

விளக்குப் போட்ட பிறகு சிபி மைதிலி பக்கம் திரும்பினான். கோபக்காரப் பையன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு அழுகறதுக்காகத்தானுங்க இந்தப் படத்தையே எடுத்தேன். தண்ணி மட்டும்தான் கேக்குது."

"தெரியுது சிபி. எங்கயோ தப்பு. ரூம்ல இப்படி இல்ல."

"பதினாறாந்தேதி இன்னொருக்கா தியேட்டர் கேட்டு வெக்கறேன். அப்பவும் இப்படின்னா சென்னையிலயே பண்ணிக்கலாம்னு சொல்றாங்க. நான் என்னக்கா சொல்லட்டும்?"

ஆட்டோவுக்கு மைதிலியே காசு கொடுத்தாள். வீட்டு வாசலில், "சென்னை ஸ்டுடியோக்காரங்களுக்குப் பதினாறாந்தேதி வரைக்கும் பதில் சொல்லாம இருக்கலாமாம்மா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

மீண்டும் மீட்டர், மீண்டும் இரைச்சல். ஐந்து ஸ்பீக்கர்களும் வைத்த அளவில் அப்படியே இருக்கின்றன. சப்வூஃபர் மட்டும் நன்றாக இறங்கியிருக்கிறது. ஆள் சோர்ந்துவிட்டான். இவள் சுமையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

"சூடானா இறங்குதோ என்னமோ. மெஷினே கோளாறோ?" என்றாள். அளவைச் சரியாக வைத்தாள்.

சாப்பிடும்போது இதையெல்லாம் அப்பாவிடமும் சொன்னாள். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதித் தட்டோடு எழுந்துவிட்டார். வயிறு சரியில்லையாம்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மைதிலியிடமும் சொன்னேன். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அளந்து பார்ப்போம்.

நகப்பூச்சு எடுத்து, சப்வூஃபர் குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி, அதற்கு நேரே பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். இரண்டும் பார்த்துக்கொண்டு நின்றால் அளவு சரி.

காலையில் சரி. மதியம் சரி. சாயங்காலமும் சரி.

இன்று மழை. துணி துவைக்கவில்லை.

ஜூலை 5, சனி

துணி துவைத்தேன். மூன்றரைக்கு அறையைத் துடைக்கப் போனேன். குமிழின் புள்ளி பெட்டியின் புள்ளியைப் பார்க்கவில்லை. ஒரு மயிரிழை இடப்பக்கம்.

புள்ளியை நேராக்கி வைத்துவிட்டு வந்தேன். மைதிலியிடம் சொல்லவில்லை. ஒருநாளும் காப்பியடிக்காத பிள்ளை காப்பியடித்தால் விடைத்தாளைப் பிடுங்குவதற்கு முன்னால் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். நான் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு இவர் எடுத்து வந்த துணி நன்றாகக் காய்ந்திருந்தது.

ஜூலை 7, திங்கள்

மூன்று மணிக்கு இவர் மாடி ஏறவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு செல்லமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனார். செய்த கொழுக்கட்டையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நானும் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. இருவரும் மெதுவாகப் பேசுகிறவர்கள் இல்லை.

"இன்னைக்கு என்னால முடியலப்பா. தெனமும் சித்தச் சித்தக் கொறச்சுட்டு வந்தேன். அதனாலதான் புள்ள வேல கெட்டுப்போச்சுன்னு தெரியுது. சனிக்கெழம மறுபடியும் உனக்காகப் போய்த் திருகிட்டேன். ராத்திரி பூராத் தூக்கம் வல்ல."

"அய்யோ நடராசு, நான் உன்னயத் திருகவா சொன்னேன்? புள்ளகிட்டச் சொல்லாதேன்னுதான சொன்னேன்."

"சொல்லாம வேறெப்படிக் கொறைக்கறதாம்?"

"அது இடிக்கறப்ப இங்க நெஞ்சுல இடிக்குதப்பா. வெச்ச ஸ்டென்ட்டு நழுவிப் போயிருமோன்னு பயம். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் சத்தம்னு சண்டைக்கு வந்தான்னு ஆயிட்டா, அந்தப் புள்ள மூட்டயக் கட்டிக்கிட்டுச் சென்னைக்கே போயிரும். டீச்சர் தாங்குவாங்களா? மொகத்தப் பாத்தியா, புள்ள வந்ததுல இருந்து எப்படி இருக்குதுன்னு?"

நான் ஜன்னலுக்கு வெளியே கொழுக்கட்டையோடு நின்றேன். பிறகு கதவைத் தட்டி உள்ளே போனேன். இருவரும் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்கிற பையன்கள் மாதிரி எழுந்து நின்றார்கள்.

"அண்ணா, ஸ்டென்ட் நழுவுமான்னு டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?"

"அதக் கேட்டு அவரு ஆமான்னுட்டா என்னுங்க பண்றது?"

நானே டாக்டர் எண்ணைப் போட்டுப் போனைக் கொடுத்தேன். அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பக்கம் டாக்டர் சிரித்தது எங்களுக்கே கேட்டது. அண்ணன் போனை வைத்துவிட்டு, "மாட்டு வண்டியில போனா நழுவுமான்னு என்னயவே திருப்பிக் கேக்கறாருங்க" என்றார். கையை நெஞ்சிலிருந்து எடுத்தார். இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டார். மூன்றாவதை, இனிப்பு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

வரும் வழியில் இவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கேட் கொண்டியை நான் திறக்கும் முன் திறந்துவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மைதிலியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "சத்தம் பொதுச்சுவர் வழியா எறங்கி அண்ணன் கட்டில்ல இடிக்குது. பெட்டிய வேற எடத்துல வெக்க முடியுமா?"

அவள் பெட்டியின் பின்னால் போய்க் குமிழை ஒருமுறை பார்த்தாள். "முடியும்மா. ஆனா யாராவது தவழணும்" என்றாள்.

அது இந்தத் தொழிலின் வழக்கமாம். சப்வூஃபரைத் தூக்கி அவள் நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்துவிட வேண்டும். தாழ்ந்த சுரங்களைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் கூடாமல் குறையாமல் சமமாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். ஒலி போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றுதான் என்பதால் பெட்டியும் காதும் இடம் மாறிக்கொள்ளலாம். அழகான விஷயம். முதல் ஆளாக நான் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். எதிர்ப் பக்கத்திலிருந்து இவர். ஜன்னலடியில் தலையோடு தலை வந்து நின்றோம்.

"உங்களுக்கு எப்படிக் கேக்குதுங்க?"

"முட்டி நொடிக்கற சத்தந்தான் புள்ள கேக்குது."

மைதிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவர் விடாமல் ஒரு சுற்று முழுக்கத் தவழ்ந்தார். பெட்டியின் பின்பக்கமாக வந்தபோது மைதிலி, மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்:

"அப்பா, அந்தக் குமிழ்ப் பக்கம் மட்டும் போயிறாதீங்க."

இவர் நாலு காலில் அப்படியே நின்றுவிட்டார்.

"சனிக்கெழம டீக்குப் போறப்பத்தான் புள்ளி மேல மறுபடி நகப்பூச்சு வெச்சேன். காயறதுக்கு முன்னாடியே தொட்டுட்டீங்க போல. சாயங்காலம் பாத்தா உங்க வெரல்ல செவப்பு."

"கண்ணு..."

"செல்லமுத்துப் பெரியப்பாவுக்காகத்தானங்கப்பா? என்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டிய நகத்தியிருப்பேன். இதுக்கா நான் ஊர விட்டுப் போவேன்?"

இவர் எழுந்து உட்கார்ந்து, தரைத் தூசி ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிருவியோன்னு இருந்துச்சு" என்றார்.

நல்ல இடங்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று மறுபடி பொதுச்சுவர். இன்னொன்று ஜன்னலடி. ஜன்னலடியில் ஒரு கடப்பைக்கல், அதன் கீழே கனத்த ரப்பர் பாய், மேலே பெட்டி. பிறகு அண்ணனைப் போனில் கட்டிலில் படுக்கச் சொன்னோம். மீட்டர் ஒன்று மாடியில், இன்னொன்று பக்கத்து வீட்டுக் கட்டிலில் படுத்த அண்ணனே.

"இடிக்குதுங்களா அண்ணா?"

"இப்ப இல்லீங்க."

"இப்ப?"

"எங்கயோ லாரி போற மாதிரி இருக்குதுங்க."

"இதுக்கு மேல கொறையாதுங்க பெரியப்பா" என்றாள் மைதிலி.

"போதும் கண்ணு. லாரிதானே? போவட்டும்."

ஜூலை 10, வியாழன்

அளவு சரியாக இருப்பதால், தான் ஏற்றிவைத்த சுமை எவ்வளவு என்று இப்போது மைதிலிக்கே கேட்கிறது. "இதையா நல்லா இருக்குதுன்னு சொன்னோம்?" என்று என்னையும் சேர்த்துக்கொள்கிறாள். ஒவ்வொன்றாக இறக்குகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

புள்ளியும் புள்ளியும் நேராக இருக்கின்றன. மூன்று வேளையும் பார்க்கிறேன், பழக்கமாகிவிட்டது.

ஜூலை 16, புதன்

அதே தியேட்டர். இந்த முறை இவரும் வந்தார், செல்லமுத்து அண்ணனும் வந்தார். வேண்டாம் என்று சொன்னதற்கு, "இத்தன நாள் சத்தத்தக் கேட்டேன், படத்த ஒருவாட்டி பாக்கறனே" என்றார்.

இருட்டானது. தண்ணீர் பின்னாலிருந்து வந்தது. நாற்காலி நடுங்கவில்லை; ஆனால் பாதத்தின் கீழே ஏதோ பெரியது நகர்ந்து வருவது தெரிந்தது. அண்ணனின் கை நெஞ்சுக்குப் போனது. இவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாலத்தில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அத்தனை தண்ணீருக்கு நடுவில், அழுகைக்கு முன்னால் அவள் மூச்சை உள்ளே இழுத்ததுகூடக் கேட்டது.

நான் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த மைதிலியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாகக் கீழே இறங்கியது.

விளக்குப் போட்டதும் சிபி எழுந்து வந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, மீதிப் படத்த எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"நாளைக்கு" என்றாள்.

அண்ணன் பின்னாலிருந்து, "தம்பி, நாங்க அதுக்குள்ள மதியத் தூக்கத்த முடிச்சுக்கறோம்" என்றார். சிபிக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் நால்வரும் சிரித்தோம்.

சாயங்காலம் மைதிலி சென்னைக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னாள். நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று ஜூன் மாதம் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

நல்ல வெயில். மாடி அறையில் வேலை நடக்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து புகார் எதுவும் இல்லை. அந்த லாரி ஓடினால்தான் தூக்கம் வருகிறதாம்.

ஒரு குறை மட்டும். இவர் மூன்று மணிக்கு இப்போதெல்லாம் நாற்காலியை விட்டு அசைவதில்லை. துணியெடுக்க நான்தான் மாடி ஏறுகிறேன்.